ஊருணிக் கரைச் சரிவில் புல்லுக்குப் பதில் என்ன நடலாம்?

கேள்வி: எங்கள் வீடு கானாடுகாத்தானுக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில், ஊருணியை ஒட்டி இருக்கிறது. பள்ளமான மனை என்பதால் சவுடும் கிராவலும் அடித்து மேடாக்கிக் கட்டினோம். கொல்லைப்பக்கம் 40 அடி நீளத்துக்குச் சரிவு. 14 அடி தூரத்துக்குள் 9 அடி இறங்கிவிடுகிறது. கீழே நடைபாதை, அதைத் தாண்டி ஊருணி. மூன்று வருடத்துக்கு முன் கொரியன் புல் பதித்தோம். தினமும் போர் தண்ணீர் ஊற்றியும் சித்திரையில் காய்ந்துவிடுகிறது. அதில் இயந்திரம் நிற்காது. அரிவாளால் அறுக்க வந்தவர் போன மாதம் சறுக்கி விழுந்து கையில் அடிபட்டுக்கொண்டார். கார்த்திகை மழையில் இரண்டு இடத்தில் மண் அரித்து ஓடை விழுந்திருக்கிறது. இரண்டும் மாடித் தண்ணீர்க் குழாய்களுக்கு நேர் கீழே. என் வீட்டுக்காரர் சிமெண்ட் பூசிவிடலாம் என்கிறார். நர்சரியில் வெடேலியா போடச் சொல்கிறார்கள். அப்பத்தா நொச்சியும் ஆவாரையும் வைத்தால் போதும், அதுவரை புல்லுக்கு நாலு ஆட்டைக் கட்டு என்கிறார்கள். அடர்ந்தால் பாம்பு வருமோ என்று எனக்குப் பயம். அடிக்கடி வெட்ட வேண்டாத, தண்ணீர் கேட்காத செடி எது? புல்லை எப்போது பிடுங்கலாம்?
— ஒரு வாசகி, சிவகங்கை மாவட்டம்

அன்புள்ள சகோதரிக்கு,

சிமெண்ட் வேண்டாம். வெடேலியா வேண்டாம். ஆடு வேண்டாம். புல்லை இப்போது பிடுங்கவும் வேண்டாம். செடி விஷயத்தில் உங்கள் அப்பத்தா சொன்னதுதான் சரி. ஆனால் அதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. அதைச் செய்யாமல் எந்தச் செடியை வைத்தாலும் அடுத்த கார்த்திகையில் அதுவும் மண்ணோடு சேர்ந்து நடைபாதைக்கு வந்துவிடும்.

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் உதவிய வரி, ஓடை விழுந்த இரண்டு இடமும் மாடிக் குழாய்க்கு நேர் கீழே என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான். மாடி 1500 சதுர அடி என்று வைத்துக்கொள்வோம். ஏறக்குறைய 140 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். ஐப்பசியில் ஒரே இரவில் 50 மில்லிமீட்டர் பெய்வது நம் பக்கம் அதிசயம் இல்லை. அப்படி ஒரு மழைக்கு உங்கள் மாடியிலிருந்து மட்டும் 7000 லிட்டர் இறங்கும். இரண்டு குழாய் என்றால் ஆளுக்கு 3500 லிட்டர், ஒரு அடி அகலம்கூட இல்லாத இடத்தில், அதுவும் சரிவின் உச்சியில் விழுகிறது. எந்தப் புல்லும் அதைத் தாங்காது. கொரியன் புல்லின் வேர் பெரும்பாலும் மேலே அரை அடிக்குள்தான் இருக்கும். கொட்டிய மண்ணின் மேல் விரித்த பாய் மாதிரி கிடக்கிறதே தவிர, அடியில் இருக்கும் சவுட்டை அது பிடித்துக்கொள்வதில்லை.

பழைய செட்டிநாட்டு வீடுகளில் ஓட்டுக்கூரைத் தண்ணீர் எங்கே போகிறது என்று பார்த்திருப்பீர்கள். எல்லாம் முற்றத்துக்குள் விழும். அண்டாவிலும் தொட்டியிலும் பிடித்தது போக மிச்சம் கல் பாவிய வாய்க்கால் வழியாக வெளியேறும். தெருத் தண்ணீர் வரத்துக்கால் வழியாக ஊருணிக்குப் போய்ச் சேரும். மண்ணில் தாறுமாறாக ஓட அவர்கள் விடவில்லை. உங்கள் வீட்டிலும் அதைத்தான் செய்ய வேண்டும்.

இரண்டு மாடிக் குழாயையும் சரிவின் பக்கத்திலிருந்து எடுத்துவிடுங்கள். ஒன்றை வீட்டின் முன்பக்கம் கொண்டுபோய்த் தொட்டிக்கோ மழைநீர்க் குழிக்கோ விடலாம். 2003லேயே தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாகிவிட்டதால் உங்கள் வீட்டில் குழி ஏற்கெனவே இருக்கும். அது எங்கே இருக்கிறது என்று பாருங்கள். சரிவின் விளிம்புக்குப் பக்கத்தில் இருந்தால் அதை மூடிவிட்டு முன்பக்கம் புதிதாக வெட்டச் சொல்லுங்கள். கொட்டி மேடாக்கிய மண்ணுக்குள் விளிம்பருகே தண்ணீரை இறக்கினால் மண் உள்ளேயே ஊறிக் கனத்து, மொத்தமாகச் சறுக்க வாய்ப்பு உண்டு. குழி நல்லதுதான், இருக்கும் இடம்தான் பிரச்சினை.

இன்னொரு குழாயை முன்பக்கம் திருப்ப முடியாவிட்டால், மூடிய பிவிசி குழாயாகவே சரிவின் அடிவரை இறக்கிவிடுங்கள். நடுவில் எங்கும் திறக்கக் கூடாது. தண்ணீர் வெளியே வரும் இடத்தில் நாலுக்கு நாலடி பரப்பில் செம்பராங்கல் துண்டுகளை நெருக்கமாக அடுக்கினால் வேகம் அங்கே உடைந்து, அமைதியாக ஊருணிப் பக்கம் நடக்கும். கல்லை வாங்க வேண்டியதில்லை, வீடு கட்டிய மிச்சம் இருந்தாலே போதும். நடைபாதை பொதுவழி என்பதால், குறுக்கே தண்ணீரை விடுவதற்கு முன் ஊராட்சியில் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

அப்புறம் கொல்லைத் தரை. அது சரிவைப் பார்த்து வாட்டமாக இருந்தால் அங்கே பெய்யும் மழையும் விளிம்பைத் தாண்டித்தான் இறங்கும். விளிம்பிலிருந்து இரண்டு அடி உள்ளே தள்ளி, அரை அடி உயரத்தில் ஒரு சின்ன வரப்புப் போட்டு, ஒரு ஓரமாகத் தண்ணீர் வடிய வாட்டம் கொடுக்கச் சொல்லுங்கள். கொத்தனாருக்கு ஒரு நாள் வேலைகூட இல்லை. ஆனால் இந்த மொத்தத் திட்டத்திலும் அதிகப் பலன் தருவது இந்த வரப்பும் குழாயும்தான்.

இதையெல்லாம் செய்யும்போது சரிவை ஒரு தடவை நிதானமாகச் சுற்றிப் பாருங்கள். விளிம்புக்கு இணையாகத் தரையில் நீளமாக வெடிப்பு ஓடுகிறதா? அடிப்பக்கம் மண் வயிறு தள்ளினமாதிரி புடைத்திருக்கிறதா? மழை நின்று பல நாள் கழித்தும் நடுச்சரிவில் ஈரம் கசிகிறதா? இதில் ஒன்று இருந்தாலும் செடியைப் பற்றிய பேச்சை நிறுத்திவிட்டு ஒரு கட்டடப் பொறியாளரைக் கூப்பிடுங்கள். 14 அடிக்கு 9 அடி என்பது 33 டிகிரிக்குக் கொஞ்சம் குறைவு. கொட்டிய மண்ணுக்கு இது செங்குத்துதான், ஆனால் செடியை நம்பி விடக்கூடிய எல்லைக்குள் இருக்கிறது. இதைவிடச் செங்குத்தாக இருந்தால் தாங்குசுவர் இல்லாமல் முடியாது என்று சொல்லியிருப்பேன். புல்வெட்டும் இயந்திரத்துக்கு இந்தச் சரிவு ஆகவே ஆகாது. மூன்று அடிக்கு ஒரு அடி இறங்குகிற சரிவு வரைக்கும்தான் அதை நம்பித் தள்ளலாம். உங்களுடையது அதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு.

உங்கள் வீட்டுக்காரர் சிமெண்ட் பற்றிச் சொன்னதை நான் அலட்சியமாகத் தள்ளவில்லை. வருடா வருடம் பராமரிப்புச் செலவு இல்லை என்று நினைத்துத்தான் சொல்லியிருப்பார். ஆனால் கொட்டிய மண் சில வருடங்களுக்கு அமுங்கிக்கொண்டேதான் இருக்கும். அதன் மேல் இரண்டு அங்குலம் பூசினால் அங்கங்கே வெடிக்கும், வெடிப்பு வழியாகத் தண்ணீர் உள்ளே போகும், வெளியே வர வழி இருக்காது. மேலே பூச்சு அப்படியே நிற்க, அடியில் மண் கரைந்து பொந்தாகிவிடும். அது நமக்குத் தெரியாமலே நடக்கும் என்பதுதான் பயம். போதாததற்குச் சித்திரை வெயிலில் அந்தச் சிமெண்ட் சூடு முழுவதும் உங்கள் சமையலறைச் சன்னலுக்குத்தான் வரும்.

இனி செடிக்கு வருகிறேன். சரிவைப் பிடிக்கும் வேலைக்கு வெட்டிவேர். பரப்பை மூடும் வேலைக்கு ஆவாரையும் கொழிஞ்சியும். அடிவாரத்துக்கு நொச்சி. இந்த நாலும் முதுகெலும்பு. மற்றதெல்லாம் உங்கள் ஆசைக்கு.

வெட்டிவேர் என்றதும் பானைத் தண்ணீரும் தட்டியும்தான் நினைவுக்கு வரும். அதன் பெரிய வேலை மண்ணுக்குள். வேர் பக்கவாட்டில் பரவாமல் நேராகக் கீழே இறங்கும். நல்ல மண்ணில் மூன்று மீட்டர் வரை போகும். உங்கள் கிராவலில் அவ்வளவு எதிர்பார்க்க வேண்டாம், பாதி போனாலே கொரியன் புல்லின் வேரைப்போலப் பத்து மடங்கு ஆழம். 1980களில் உலக வங்கியின் மண் பாதுகாப்புத் திட்டங்கள் இதை இந்தியாவில் பெரிதாக எடுத்துப் பேசின. ஆனால் கர்நாடகத்தின் குண்டலுப்பேட்டைப் பக்கம் விவசாயிகள் அதற்கு வெகு காலம் முன்பிருந்தே வயல் எல்லையில் வரிசையாக வைத்து வந்திருக்கிறார்கள். நம் தென்னிந்திய வகை விதை போட்டுப் பரவாது, வைத்த இடத்திலேயே நிற்கும். ஊருணிக் கரையில் வைக்க இதைவிட நிம்மதியான புல் எனக்குத் தெரிந்து இல்லை.

இதைத் தனித்தனித் தூராக அங்கங்கே நட்டால் பயன் இல்லை. சரிவுக்குக் குறுக்கே, ஒரே மட்டத்தில், இடைவெளி இல்லாத வேலியாக நிற்க வேண்டும். மேலிருந்து வரும் தண்ணீர் அந்த வேலியில் முட்டி, வேகம் குறைந்து, வண்டலை அங்கேயே விட்டுவிட்டுப் பரவலாக வடியும். வருடங்கள் போகப்போக ஒவ்வொரு வரிசைக்குப் பின்னாலும் மண் சேர்ந்து ஒரு படி மாதிரி ஆகும்.

உங்கள் 9 அடி இறக்கத்துக்கு மூன்று வரிசை. முதலாவது விளிம்பிலிருந்து ஒரு அடி கீழே. அதிலிருந்து மூன்று அடி இறக்கத்தில் இரண்டாவது, இன்னும் மூன்று அடி இறக்கத்தில் மூன்றாவது. மட்டம் பார்க்கக் கண்ணை நம்பாதீர்கள். கொத்தனார் வைத்திருக்கும் டியூப் மட்டத்தை வாங்கி, ஐந்து அடிக்கு ஒரு முளை அடித்துக் கயிறு கட்டுங்கள். வரிசை ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் தண்ணீர் முழுக்க வரிசையோரமாக ஓடி, தாழ்ந்த மூலையில் உடைத்துக்கொண்டு இறங்கும். அப்போது நீங்களே ஒரு ஓடை வெட்டிக் கொடுத்ததாக ஆகிவிடும்.

நாற்றுக்கு நாற்று ஐந்து அங்குலம். 40 அடிக்கு ஏறக்குறைய 100 நாற்று, மூன்று வரிசைக்கு 300. பட்டுப்போவதை மாற்ற இன்னும் 60 வாங்கி நிழலில் தொட்டியில் வைத்திருங்கள். இந்த 60ஐ மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள். வரிசையில் ஒரு அடி இடைவெளி விழுந்தால் தண்ணீர் எல்லாப் பக்கமிருந்தும் அங்கே கூடும். நட்ட மூன்றாவது வாரம் ஒரு முறை, ஆறாவது வாரம் ஒரு முறை வரிசையைப் பார்த்து, விட்ட இடத்தை நிரப்புங்கள். கடலூர் மாவட்டத்தின் மணற்பாங்கான ஊர்களில் வெட்டிவேரைப் பயிராகவே செய்கிறார்கள், அங்கிருந்து நாற்று வரவழைக்கலாம். பக்கத்தில் எங்கே கிடைக்கும் என்று குன்றக்குடி வேளாண் அறிவியல் நிலையத்தில் விசாரியுங்கள். செட்டிநாட்டிலேயே வேளாண் பல்கலைக்கழகத்தின் மானாவாரி ஆராய்ச்சி நிலையமும் இருக்கிறது, உங்களுக்குக் கிட்டத்தில்தான்.

தூரைப் பிரித்து, இரண்டு மூன்று தண்டு சேர்ந்த பிரிவாக எடுத்து, தாளை ஒரு சாண் விட்டு நறுக்கி, வேரை இரண்டு மூன்று அங்குலம் விட்டுக் கத்தரித்து நடுங்கள். குழிக்கு ஒரு கை மக்கிய தொழுவுரம் போதும். இங்கே ஒரு எச்சரிக்கை: ஆட்டுப் புழுக்கையை மக்காமல் போடாதீர்கள். ஆடு சீமைக்கருவேலங்காயைத் தின்னும், விதை செரிக்காமல் வெளியே வந்து நன்றாக முளைக்கும். காசு கொடுத்து முள்ளை விதைத்த கதை ஆகிவிடும். ஆட்டைக் கட்டி மேய்க்கக் கூடாது என்று நான் சொன்னதற்கு இது ஒரு காரணம். இன்னொன்று, செங்குத்தில் ஆட்டின் குளம்பு மண்ணைக் கிளறி உடைத்துவிடும். சமதரையில் ஆடு மேய்வது வேறு, இது வேறு. இதை அப்பத்தாவிடம் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள்.

வெட்டிவேர் வெட்டவே வேண்டாத செடி என்று நான் சொல்ல மாட்டேன். வருடத்துக்கு ஒன்று அல்லது இரண்டு தடவை முழங்கால் உயரத்துக்கு நறுக்க வேண்டும், அப்போதுதான் தூர் நெருங்கும். நறுக்கிய தாளை வரிசைக்கு மேல்பக்கம் பரப்பினால் அதுவே மூடாக்கு. கோடையில் தாள் காய்ந்து நிற்கும், அந்த நேரத்தில் பக்கத்தில் குப்பை கொளுத்தக் கூடாது. முக்கியமாக, வேருக்கு வாசனை வந்தாயிற்று என்று யாராவது தோண்ட வந்தால் விடாதீர்கள். வேர் வேண்டுமென்றால் நாலு தூரைச் சாக்கில் மணல் நிரப்பித் தனியாக வளருங்கள்.

ஆவாரையைப் பற்றி உங்கள் வீட்டில் யாருக்கும் நான் சொல்லித் தர வேண்டியதில்லை. புதுவயல், அறந்தாங்கி ரோட்டு ஓரச் சரளையில் யார் தண்ணீர் ஊற்றினார்கள் அதற்கு? ஆடு மாடு வாய் வைக்காது. மஞ்சளாகப் பூக்கும். நர்சரிப் பையில் வளர்ந்த கன்றாக வாங்காமல் விதையாகவே போடுங்கள் என்பது மட்டும் என் ஆலோசனை. பையில் வளர்ந்த கன்றின் ஆணிவேர் அடியில் சுருண்டிருக்கும், சரிவில் அது நேராக இறங்க நாளாகும். காய்ந்த காயிலிருந்து விதை எடுத்து, கொதித்து இறக்கிய வெந்நீரில் போட்டு அப்படியே ஆறவிட்டு, ஒரு இரவு ஊறிய பின் குழிக்கு மூன்று விதை வீதம், இரண்டரை அடிக்கு ஒரு குழியாக ஊன்றுங்கள். விதைத்தோல் கெட்டி, ஊறாமல் போட்டால் பாதி முளைக்காது. வருடத்துக்கு ஒரு முறை இடுப்பளவுக்குக் கவாத்து செய்தால் அடியிலிருந்து அடர்ந்து வரும். கவாத்து செய்யாமல் விட்டால் ஆளுயரம் போய் அடி மொட்டையாகிவிடும்.

ஆவாரைக்கு இடையில் தரையை மூடக் கொழிஞ்சி. இதற்கும் விதையை அதே மாதிரி ஊறவைக்க வேண்டும். அவரைக் குடும்பத்துச் செடி, வேர் முடிச்சில் தழைச்சத்தைப் பிடித்து வைக்கும், உங்கள் செத்த சவுட்டுக்கு அது பெரிய உதவி. நம் விவசாயிகள் தழையுரத்துக்கு வயலில் விதைத்து மடக்கி உழுத செடிதான். கோடை உச்சத்தில் இலை கொட்டிக் குச்சியாக நிற்கும். பார்க்க நன்றாக இருக்காது, பயப்பட வேண்டாம். உதிர்ந்த விதை அடுத்த மழைக்கு முளைக்கும்.

சரிவின் மேல்பாகம் தான் அதிகம் காயும். அங்கே பிரண்டையைச் செம்பராங்கல் துண்டுகளுக்கு இடையில் சொருகிவிட்டால் படர்ந்துகொள்ளும், துவையலுக்கும் ஆகும். நித்திய கல்யாணி தண்ணீர் இல்லாமல் பூக்கும், ஆடு தொடாது. ஆனால் விஷச்செடி, சின்னக் குழந்தைகள் இருந்தால் தவிர்க்கலாம். சரளையில் தானாகவே முளைக்கும் விஷ்ணுகிரந்தி தென்பட்டால் களை என்று பிடுங்கிவிடாதீர்கள். அந்தக் குட்டி நீலப்பூ தரையோடு தரையாகப் படரும்.

அடிவாரத்தில், நடைபாதைக்கு இரண்டடி உள்ளே நொச்சி. விரல் பருமனுள்ள போத்தை ஒன்றரை அடி நீளத்தில் நறுக்கி, முக்கால் அடி மண்ணுக்குள் போகும்படி, அடிக்கு ஒன்றாக நட்டால் போதும், கண்மாய்க் கரைகளில் ஊர்க்காரர்கள் வைக்கிற முறைதான். வருடம் ஒரு முறை மார்பளவுக்கு வெட்டலாம். வெட்டிய தழை ஆவி பிடிக்கவும், நெல் மூட்டைக்கு இடையில் பூச்சிக்கு வைக்கவும் ஆகும் என்று அப்பத்தாவே சொல்வார்கள். நொச்சிக்கும் நடைபாதைக்கும் இடையில் ஈரம் தங்கும் கீற்றில் பொடுதலை படரவிடுங்கள். தரையை ஒட்டிப் படரும், யாராவது மிதித்தாலும் தாங்கும், வெட்ட வேண்டாம். பச்சையாகப் புல் மாதிரி ஒரு இடம் வேண்டும் என்ற ஆசை அங்கே தீரும்.

வெடேலியாவை ஏன் வேண்டாம் என்றேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நர்சரிக்காரர் பொய் சொல்லவில்லை. மூன்றே மாதத்தில் பச்சைக் கம்பளமாக மூடி மஞ்சள் பூவும் பூக்கும். மத்திய அமெரிக்காவிலிருந்து வந்த கொடி. உலக அளவில் மிக மோசமாகப் பரவும் 100 உயிரினங்கள் என்று ஐயுசிஎன் என்ற உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு தொகுத்த பட்டியலில் இதுவும் ஒன்று, உண்ணிச்செடியும் அதில் இருக்கிறது. கணுவுக்குக் கணு வேர் விடும். ஒரு துண்டு உடைந்து தண்ணீரோடு போனால் போன இடத்தில் பிடித்துக்கொள்ளும். உங்கள் சரிவுக்குக் கீழே ஊருணி இருக்கிறது. ஊரே குளித்து, குடித்து வளர்ந்த தண்ணீரின் கரையில் அதை இறக்கிவிட்டால் திரும்ப எடுக்க முடியாது. நெய்வேலிக் காட்டாமணக்கு நம் கண்மாய்களை என்ன செய்திருக்கிறது என்று உங்கள் பக்கத்திலேயே பார்க்கலாம். மேலும் வெடேலியாவின் வேர் மேலாகத்தான் நிற்கும், புல் செய்யாத வேலையை அதுவும் செய்யாது. களைக்கொல்லி வேண்டாம் என்பதற்கும் காரணம் இதே ஊருணிதான்.

சரி, புல்லை எப்போது எடுப்பது? இதில்தான் நிறையப் பேர் அவசரப்படுகிறார்கள். புதுச் செடி வேர் பிடிக்கும் வரை, மோசமான அந்தப் புல்தான் உங்கள் மண்ணுக்கு இருக்கும் ஒரே துணை. அதை முழுக்கச் சுரண்டிவிட்டு வெறும் மண்ணோடு ஐப்பசியைச் சந்திக்கக் கூடாது.

இப்போதிலிருந்து வைகாசி முடியும் வரை குழாய், வரப்பு, கல் வேலை. ஓடை விழுந்த இரண்டு இடத்தையும் சரளையும் மண்ணும் கலந்து, அரை அடி அரை அடியாக நனைத்து இடித்து நிரப்புங்கள். அக்கினி நட்சத்திரத்தில் எதையும் நட வேண்டாம். இந்தக் கோடையில் சரிவுப் புல்லுக்குத் தினமும் தண்ணீர் ஊற்றுவதையும் நிறுத்திவிடலாம். 660 சதுர அடிப் புல்லுக்குக் கோடையில் நாளுக்கு 300 லிட்டராவது வேண்டும், சரிவில் வழிந்து போவது தனி. வாரம் ஒரு முறை நனைத்தால் காய்ந்தாலும் வேர் இருக்கும், இப்போதைக்கு வேர் இருந்தால் போதும்.

ஆடி கடைசியில், மாலை இடிமழை நாலு தடவை பெய்து மண் இளகியதும் வெட்டிவேர் வரிசை. வரிசை போகும் ஒரு அடி அகலத்தில் மட்டும் புல்லைக் களைக்கொத்தால் செதுக்கி எடுங்கள். இடையில் உள்ள புல் அப்படியே இருக்கட்டும். மேல் வரிசையில் ஆரம்பித்துக் கீழே வாருங்கள், கீழே முதலில் நட்டால் மேலே தோண்டும் மண் அதன் தலையில் விழும். வேலை செய்பவர் மண்ணில் கால் ஊன்றி நிற்கக் கூடாது. மேலே உறுதியாகக் கட்டிய ஒரு ஏணியைச் சரிவில் படுக்கப் போட்டு, அதன் படியில் நின்று செய்யச் சொல்லுங்கள். ஒருவர் கையில் அடிபட்டது போதும். மழை இல்லாத நாட்களில் முதல் ஒரு மாதம் ஒன்று விட்டு ஒரு நாள் தண்ணீர். வரிசைக்கு ஒரு சொட்டுநீர்க் குழாய் ஓடவிட்டால் யாரும் சரிவில் இறங்க வேண்டியதே இல்லை. ஐப்பசி மழை கனக்கும்போது நாற்றுக்கு இரண்டு மாதத்துக்கு மேல் ஆகியிருக்கும்.

புரட்டாசியில் அடிவாரத்தில் நொச்சிப் போத்து. அதே சமயம், முதல் இரண்டு வரிசைக்கு இடைப்பட்ட பரப்பில் மட்டும் புல்லை மாற்றத் தொடங்கலாம். புல்லை ஒட்ட அறுத்து, பிளாஸ்டிக் டேப் உரித்த அட்டைப்பெட்டிகளை இரண்டு அடுக்காக விரித்து, மேலே தென்னை மட்டையைக் குறுக்காகப் போட்டு, தேங்காய்நார் வலையால் மூடி மூங்கில் முளை அடித்து இறுக்குங்கள். வலை சதுர மீட்டருக்கு 400 கிராம், 700 கிராம், 900 கிராம் என்று வரும். உங்கள் செங்குத்துக்கு 700. சிங்கம்புணரி கயிற்றுக்குப் பேர்போன ஊர், முதலில் அங்கே விசாரித்துவிட்டு மற்ற இடம் தேடுங்கள். வலையும் அட்டையும் மக்கி மண்ணோடு சேர்வதற்குள் செடி பிடித்துவிடும். அட்டையில் துளையிட்டு ஆவாரை, கொழிஞ்சி விதையை ஊன்ற வேண்டும். நம் செம்மண்ணில் கரையான் வரத்தான் செய்யும், அட்டையையும் மட்டையையும் வீட்டுச் சுவரிலிருந்து நாலு அடியாவது தள்ளியே வையுங்கள்.

மற்ற இரண்டு பரப்பும் அடுத்த வருடத்துக்கு. வெட்டிவேர் ஒரு மழைக்காலம் நின்று காட்டிய பிறகு அங்கே புல்லை எடுத்தால் பயமே இல்லை. முதல் கோடையில் எல்லாவற்றுக்கும் வாரம் ஒரு தண்ணீர் வேண்டும். இரண்டாவது கோடையில் நிறுத்திப் பாருங்கள், தாங்கும். ஒவ்வொரு மழைக்குப் பிறகும் சீமைக்கருவேல முளையும், காக்கை போட்ட வேப்பங்கன்றும் அரசும் தலை நீட்டும். நாலு இலையில் பிடுங்கினால் இரண்டு விரல் போதும், விட்டால் கடப்பாரை வேண்டும். வேம்பு நல்ல மரம்தான். ஆனால் கொட்டிய மண் சரிவில் பெரிய மரம் நிற்கக் கூடாது. அதன் கனமும், காற்றில் ஆடும் ஆட்டமும் மண்ணை நெம்பிவிடும்.

பாம்பைப் பற்றிய உங்கள் பயம் நியாயமானது. ஊருணிக் கரை என்றால் சாரை, தண்ணீர்ப் பாம்பு இருக்கத்தான் செய்யும், புல் இருந்தாலும் இல்லாவிட்டாலும். அவை வீட்டுப் பக்கம் வருவது எலிக்கும் பொந்துக்கும்தான். விளிம்புக்கும் வீட்டுக்கும் இடையில் நாலு அடி அகலத்தைச் சுத்தமான சரளைத் தரையாக வைத்துக்கொள்ளுங்கள். அங்கே விறகு, ஓடு, தேங்காய்மட்டை எதையும் குவிக்காதீர்கள். அடிவாரத்தில் கல் அடுக்கும்போது பெரிய சந்து விடாமல் சில்லுக் கல்லால் அடைக்கச் சொல்லுங்கள். கொல்லை விளக்கு ஒன்று விளிம்பைப் பார்த்து எரியட்டும். இரவில் சரிவுப் பக்கம் இறங்க வேண்டிய வேலையே இனி உங்களுக்கு இருக்காது.

ஐப்பசியின் முதல் பெருமழை பெய்த மறுநாள் காலையில் மட்டும் ஒரு தடவை கீழே நடைபாதைக்குப் போய் நின்று மேலே பாருங்கள். குழாய் வாயில் தண்ணீர் கலங்கலாக வருகிறதா, வெட்டிவேர் வரிசையில் எங்காவது ஒரே இடத்தில் வண்டல் உடைத்து இறங்கியிருக்கிறதா என்று கவனியுங்கள். உடைந்திருந்தால் அன்றைக்கே இரண்டு செம்பராங்கல்லை அங்கே வைத்துத் தடுத்து, நிழலில் வைத்திருக்கும் நாற்றில் நாலை எடுத்து நெருக்கி நட்டுவிடுங்கள். இப்போதைக்கு, கொத்தனாரைக் கூப்பிட்டு மாடிக் குழாயைக் காட்டுங்கள். சித்திரையில்தான் அவருக்கும் வேலை குறைவாக இருக்கும்.